டீ கொட்டிய லேப்டாப்: போர்டு மாற்றித்தான் ஆகணுமா?

கேள்வி (வரைபலகை):
சொந்தமாகத் தொழில் செய்யும் ஆர்க்கிடெக்ட். லேப்டாப் கீபோர்டில் பால் டீ கொட்டிவிட்டது. டைப்-சி சார்ஜர் போட்டாலும் விளக்கு எரியவில்லை. வாரண்டி முடிந்தது. "போர்டு மாத்தணும்" என்கிறது கடை. டிராயிங் எல்லாம் உள்ளே. விண்டோஸ் 11. ஜிஎஸ்டி பதிவு உண்டு. என்ன செய்யலாம்?

ஈயப்பற்று:
ஆன் ஆகிறதா என்று திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்காதீங்க. அடிமூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்க. அது மாட்டியிருக்கும்வரை ஈரத்தில் கரண்ட் ஓடி, செம்புத் தடங்களில் பச்சைக் களிம்பு ஏறிக்கிட்டே இருக்கும். அரிசிக்குள் புதைப்பது வீண். தண்ணீர் காயும், பாலும் சர்க்கரையும் ஐசி எனும் சிப்புகளுக்கு அடியில் பிசினாக நிற்கும். போர்டை வெளியே எடுத்து, சர்க்கரை கரைய முதலில் டிஸ்டில்டு வாட்டர், பிறகு 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால்தான் போகும்.

அப்புறம், சார்ஜருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் யுஎஸ்பி மீட்டர் (வோல்ட் காட்டும் சின்னக் கருவி) போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. 65 வாட் சார்ஜர் என்றால் 20 வோல்ட்டுக்கு ஏறணும். 5 வோல்ட்டிலேயே நின்றால் பெரும்பாலும் டைப்-சி சாக்கெட் அல்லது பிடி கன்ட்ரோலர் ஐசி (சார்ஜரிடம் எத்தனை வோல்ட் வேணும் என்று கேட்கும் சிப்). 20 வந்தும் உயிர் இல்லையென்றால், பெரும்பாலும் உள்ளே கெபாசிட்டர், மாஸ்ஃபெட் போன்ற ஏதோ சிறு பாகம் ஷார்ட். இரண்டுமே சிப்-லெவலில், அதாவது கெட்ட பாகத்தை மட்டும் மாற்றி, சரிசெய்யக்கூடியவை. சென்னையென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரிங்க. மீட்டர்கூட வைக்காமல் போர்டு மாற்றச் சொல்லும் கடையை நம்பவேண்டாம். சிபியூ போயிருந்தால்தான் அந்தப் பேச்சே.

பேக்கப்_பித்தன்:
கடைக்குப் போகும் முன் எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டில் வச்சுக்கங்க. எம்.2 வகை (சின்னப் பட்டை மாதிரி இருக்கும்) என்றால் ஒரே திருகுதான். என்விஎம்இ என்க்ளோஷரில் (எஸ்எஸ்டியை யுஎஸ்பியில் இணைக்கும் பெட்டி) போட்டு வேறு கணினியில் படிக்கலாம். சாட்டா எனும் பழைய வகையை மட்டும் எடுக்கும் என்க்ளோஷரை வாங்கிட்டு, டிஸ்க் போச்சுன்னு பதறுபவர்கள் நிறைய.

மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்திருந்தால் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகி, கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கலாம். அப்போது பிட்லாக்கரின் (விண்டோஸின் அந்தப் பூட்டு) 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். போனிலிருந்தே அக்கவுண்டுக்குள் போய் எடுத்து எழுதி வையுங்க. போர்டு மாற்றினாலும் இதே கீ வேணும், போர்டில் உள்ள டிபிஎம் எனும் பாதுகாப்பு சிப் மாறிவிடும். டெக்னீஷியன் பென்டிரைவில் பூட் செய்து சோதிக்கலாம். பாஸ்வேர்ட் தரத் தேவையே இல்லை.

பற்றுவரவு:
பில்லில் உங்க ஜிஎஸ்டி எண் இருக்கட்டும். ரிப்பேருக்கு 18% வரி. தொழிலுக்கான லேப்டாப் என்பதால் உள்ளீட்டு வரவு எடுக்கலாம், அதாவது நீங்க கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் இதைக் கழிக்கலாம். ஆனால் கடை ரிட்டர்ன் போட்டால்தான் உங்க 2பி-யில் (ஜிஎஸ்டி தளத்தில் உங்க வரவுகளைக் காட்டும் பட்டியல்) தெரியும். காம்போசிஷன் (சிறு வணிகர்களுக்கான எளிய வரித் திட்டம்) கடையென்றால் வரவு கிடையாது.

வருமான வரியில், உத்தேச முறையில் (1961 சட்டத்தில் 44ஏடிஏ) தொழில் வரவில் 50% லாபம் காட்டுபவர் ரிப்பேர் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. முழுக் கணக்கு எழுதுபவர் அந்த ஆண்டே கழிக்கலாம். புது லேப்டாப் வாங்கினால் 40% தேய்மானம்தான். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய் தாண்டினால் ரொக்கமாகக் கொடுக்காதீங்க, செலவாக ஏற்கமாட்டார்கள்.

ஈயப்பற்று:
கீபோர்டைக் கழுவிக் காப்பாற்றப் பார்க்காதீங்க. கீகளுக்கு அடியில் உள்ள மெம்பிரேன் ஏட்டில் டீ இறங்கியிருந்தால் கொஞ்ச நாளில் எழுத்துகள் தானாக அடிக்கலாம். புதுசு வரும்வரை யுஎஸ்பி கீபோர்டு போதும், பழசின் ரிப்பன் கேபிளை மட்டும் போர்டிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்க. பவர் பட்டன் அதே கீபோர்டில் இருக்கும் மாடலா என்று முதலில் பாருங்க. அப்படியென்றால் ரிப்பனைக் கழற்றியதும் அந்தப் பட்டனால் ஆன் செய்ய முடியாது.