ரிப்பீட்டர் பாக்கெட் கடிகாரத்தின் வகையைக் கண்டறிய உதவி தேவை

வணக்கம். பினாங்கில் என் தாத்தா விட்டுச்சென்ற வெள்ளிப் பாக்கெட் கடிகாரம் எந்த வகை ரிப்பீட்டர் (வேண்டும்போது நேரத்தை ஒலியால் அறிவிக்கும் கடிகாரம்) என்று தெரியாததால், அதைப் பழுதுபார்க்கக் கொடுக்க முடியாமல் இருக்கிறேன்.

மூடியின் உட்புறத்தில் வெள்ளியின் தூய்மையைக் குறிக்கும் 0.875 என்ற எண்ணும் கரடி முத்திரையும் இருப்பதால், அது 1880-க்குப் பிந்தைய சுவிஸ் தயாரிப்பு என்று கொள்கிறேன். தயாரித்தவர் பெயர் எங்கும் இல்லை. விளிம்பிலுள்ள நெம்பியைத் தள்ளினால் மணி ஒலிக்கிறது.

3:18-க்கு மூன்று தாழ்ந்த ஒலிகளும் கால் மணிக்குரிய ஓர் இரட்டை ஒலியும் மட்டுமே கேட்கின்றன; நிமிட ரிப்பீட்டராக இருந்தால் எஞ்சிய மூன்று நிமிடங்களுக்கு மேலும் மூன்று ஒலிகள் வந்திருக்க வேண்டும். 3:24-க்கு இறுதியில் ஓர் ஒற்றை ஒலி கூடுகிறது; ஆகவே வெறும் கால் மணி வகையும் அன்று. சிக்கல் 3:28-இல்தான். அரைக்கால் மணி வகை, அதாவது ஏழரை நிமிடத்தைக் காட்டுவது, அப்போது ஓர் ஒற்றை ஒலியையும், கால் மணிக்குப் பின் கடந்த ஒவ்வோர் ஐந்து நிமிடத்துக்கும் ஒன்று ஒலிக்கும் ஐந்து நிமிட வகை இரண்டையும் எழுப்ப வேண்டும். இதிலோ சில வேளை ஒன்றும் சில வேளை இரண்டும் வருகின்றன.

நெம்பியை ஒவ்வொரு முறையும் கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். ஒற்றை ஒலி 3:20-இல் தொடங்குகிறதா, 3:22½-இலா என்றும் சோதித்தேன்; நிமிட முள் தளர்ந்திருப்பதால் 3:21 வாக்கில் மாறுகிறது, அது எதையும் உறுதிப்படுத்தவில்லை. ஜார்ஜ்டவுனிலும் கோலாலம்பூரிலும் கேட்ட கடைக்காரர்கள், மணியடிக்கும் பொறி முகப்புத் தகட்டின் அடியில் இருப்பதால் அதைக் கழற்றத் தயங்கினார்கள். அவர்களின் எச்சரிக்கை நியாயமானதே.

முகப்பைக் கழற்றாமல், இது அரைக்கால் மணி வகையா, தேய்ந்துபோன ஐந்து நிமிட வகையா என்று உறுதியாகக் கண்டறிய வழி உண்டா?