மறு: ‘சூரிய ஒளி வெளிப்பாடு’ வேண்டாம், வேறு சொல் தேடுவோம்

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘sun exposure’ என்பதற்கு நம் துண்டறிக்கை வரைவில் ‘சூரிய ஒளி வெளிப்பாடு’ என்று இருக்கிறது; அதற்குப் பதில் என்ன போடலாம் என்ற போன வாரக் கேள்விக்கு மூன்று சொற்கள் வந்தன: வெயிலேற்பு, வெயிற்படுகை, படுவெயில். மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பறிக்கும் பெண்களிடம் போனேன். வைட்டமின் டி பற்றிய துண்டறிக்கை அவர்களுக்குத்தானே.

முதலில் பழைய சொல்லையே வாசித்துக் காட்டினேன். “சூரிய ஒளி வெளிப்பாடு குறைந்தால்” என்று தொடங்கியதுமே ஓர் அம்மா, “பொழுது வெளுக்கறதைச் சொல்றீங்களா?” என்றார். அவர் மேல் தப்பே இல்லை. அந்தத் தொடரில் வெளிப்படுவது சூரியன். நம் உடம்புக்கு அதில் இடமே இல்லை. உணர்ச்சி வெளிப்பாடு, மரபணு வெளிப்பாடு என்று உள்ளே இருப்பது வெளியே வருவதற்குத்தான் அந்தச் சொல் பொருந்தும்.

‘ஒளி’யையும் விட்டுவிடலாம் என்பேன். தோலில் வைட்டமின் டி உண்டாக 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் வேண்டும். சாதாரணக் கண்ணாடி அதை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். ஓசூர் ஆலைக்குக் கண்ணாடி மூடிய பேருந்தில் போய்வரும் பெண்ணின் முகத்தில் ஒளி நிறைய விழும், ஆனால் இந்தக் கணக்கில் அது சேராது. வெளிச்சம் வேறு, வெயில் வேறு என்பது தமிழில் ஏற்கெனவே இருக்கும் வேறுபாடு. அதை ஏன் கைவிட வேண்டும்?

இன்னொன்றையும் அங்கே கவனித்தேன். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றித் துண்டு. காலையிலிருந்து வெயிலில்தான் நிற்கிறார்கள். வெயில் படுவதோ முகத்திலும் புறங்கையிலும் மட்டும். ஆகவே ‘வெயிலில் இருத்தல்’ என்றாலும் பொருள் தவறிவிடும். எவ்வளவு தோலில், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் தாங்குகிற சொல் வேண்டும்.

வெயிலேற்பு நல்ல சொல்தான். ஆனால் விழுவது வேறு, ஏற்பது வேறு. கறுத்த தோலில் மெலனின் என்ற நிறமி கூடுதலாக இருப்பதால் அதே வெயிலில் வைட்டமின் மெதுவாகத்தான் உண்டாகும். உடல் உள்வாங்கும் அளவைச் சொல்ல நேர்ந்தால் அப்போது இதை எடுத்துக்கொள்ளலாம்.

வெயிற்படுகை? ஒகேனக்கல் பக்கத்துக்காரரிடம் படுகை என்றால் காவிரிதான் நினைவுக்கு வரும்.

படுவெயில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பள்ளிப் பாடத்தில் படுகதிர், படுகோணம் எல்லாம் படித்தவர்கள்தானே நாம். ஆனால் வாசித்ததும், “சித்திரை வெயிலா? மண்டை பொளந்துடுமே” என்று சிரித்தார்கள். படுசுட்டி, படுமோசம் என்று பேசுகிற காதுக்கு அது கொடும் வெயில்தான். சரி, அதுவும் போச்சு.

அப்புறம் அவர்கள் பேச்சிலேயே விடை கிடைத்தது. “மேலுல வெயில் படணும்னு சொல்றீங்க, அவ்வளவுதானே?” அவ்வளவுதான். என் முன்மொழிவு: வெயில்படுதல். இதிலிருந்து வெயில்படு நேரம், வெயில்படு பரப்பு என்று நீட்டலாம். அடுப்புக்கும் கல்குவாரிக்கும் புகைபடுதல், தூசிபடுதல் ஆகும். ‘நாள்பட்ட நோய்’ என்பதிலும் இதே ‘படு’ முன்பே உட்கார்ந்திருக்கிறது.

நேற்று ஒரு நண்பர் எழுப்பிய தடை இது:

> ஞாயிறு படுதல் என்றால் மறைதல். நெய்தல் திணைக்குரிய பொழுதான எற்பாடும் அப்படித்தான். வெயில்படுதலைப் பொழுது சாய்வது என்று யாராவது புரிந்துகொண்டால்?

படுவது ஞாயிறு, ஐயா. வெயில் சாயும், தாழும், இறங்கும். வெயில் பட்டது என்றால் எங்கள் ஊரில் யார் மேல், எதன் மேல் என்றுதான் கேட்பார்கள். இலக்கியம் படித்தவர்களுக்கு ஒரு நொடி இடறலாம். துண்டறிக்கை அவர்களை நம்பி அச்சாகவில்லை.

துண்டறிக்கையின் வாசகம் பற்றியும் ஒன்று. வரைவில் “இளவெயிலில் நில்லுங்கள்” என்று இருக்கிறது. இளவெயில் கேட்க இனிமைதான், ஆனால் சூரியன் தாழ இருக்கும்போது நமக்கு வேண்டிய கதிர் மிகக் குறைவு. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் அதற்கு ஏற்றது. அதை அப்படியே எழுதிவிடலாம். இதற்குக் கலைச்சொல் எதுவும் வேண்டாம்.

“வெயில்படுதல் குறைந்தால் சர்க்கரை நோயும் மாரடைப்பும் வரும்” என்ற வரியை அப்படியே விடக் கூடாது. எலும்பு மெலிவதும் குழந்தைகளுக்குக் கால் வளைவதும் உறுதியானவை, எழுதலாம். நாள்பட்ட நோய்களின் கதை வேறு. வைட்டமின் டி குறைந்தவர்களிடம் அந்நோய்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன, அதுவரை உண்மை. ஆனால் நோயாளி வீட்டுக்குள்ளேயே கிடப்பதாலும் வைட்டமின் குறையலாமே. அமெரிக்காவில் 25,871 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினம் 2000 யூனிட் வைட்டமின் டி, மறுபாதிக்கு வெற்று மாத்திரை என்று ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான அதன் முடிவின்படி புற்றுநோயோ இதயநோயோ வருவது குறையவில்லை. ஆகவே ‘வரும்’ என்பதை ‘சேர்ந்து காணப்படுகிறது’ என்று மாற்ற வேண்டும்.

‘வைட்டமின்’ அப்படியே இருக்கட்டும். தண்ணீரில் இருக்கும் புளோரைடு என்ற சொல்லைத் தருமபுரியில் யாரும் மொழிபெயர்க்கவில்லை. பல் கறையாவதைப் பார்த்தே எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

கடைசியாக ஓர் உதவி. இரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் ஒரு சொல், 20-க்கும் 30-க்கும் இடையே இருந்தால் இன்னொரு சொல் என்று பரிசோதனை அறிக்கைகளில் பிரித்துப் போடுகிறார்கள். முதலாவதற்குக் குறைபாடு, அடுத்ததற்குப் போதாமை என்று வைத்திருக்கிறேன். ‘பற்றாக்குறை’ என்றால் ரேஷன் அரிசி நினைவு வருகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று அச்சகத்துக்குப் போகிறது.