35 டிகிரிக்கு மேல ஏறமாட்டேங்குது: எல்எம்358-க்கு எத்தனை வோல்ட் கொடுக்கணும்?

பென்னாகரம் பட்டு: பட்டுப்புழு வளர்ப்பு மனைக்கு வெப்பமானி செஞ்சிருக்கேன். எல்எம்35 வெப்ப சென்சார், அது கொடுக்கிற வோல்ட்டை எல்எம்358-ங்கிற ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்குற சிப்) பத்து மடங்கு பெருக்கி, ஆர்டுயினோங்கிற சின்ன கணினிப் போர்டுக்கு அனுப்புது. சப்ளை 5 வோல்ட். காலையில 26 டிகிரி சரியா காட்டுது. மத்தியானம் உள்ளே அனல் தாங்கல, ஆனா இது 35-லயே நிக்குது. அஞ்சாம் பருவப் புழு, 25-ஐ ஒட்டி வச்சிருக்கணும். சென்சார் போச்சா?

ஓசூர் பெஞ்ச்: சென்சார் நல்லாத்தான் இருக்கு தம்பி. 358-ஓட வெளியீடு சப்ளைக்கு ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் கீழயே நின்னுடும். 5-ல 1.5 போனா 3.5. சென்சார் கொடுக்கிறது டிகிரிக்கு 10 மில்லிவோல்ட், பத்து மடங்குன்னா 35 டிகிரிக்கும் அதே 3.5 தான்.

அரூர் வாத்தியார்: இதுக்குத்தான் ஆப்-ஆம்ப்னா பிளஸ் மைனஸ் 12 கொடுங்கன்னு பசங்ககிட்ட சொல்றேன். 5 வோல்ட்ல மூச்சுமுட்டத்தான் செய்யும்.

ஓசூர் பெஞ்ச்: சார், அது 741-ங்கிற பழைய ஆப்-ஆம்ப் காலத்துப் பழக்கம். 741-க்கு உள்ளீடு ரெண்டு பக்க சப்ளையையும் விட்டு ஓரிரு வோல்ட் தள்ளியே இருக்கணும், மைனஸ் இல்லாம முடியாது. 358 உள்ளீடு கிரவுண்ட் வரைக்கும் வேலை செய்யும். புழு மனையில சைபருக்குக் கீழ போற வெப்பமே கிடையாது. மைனஸ் எதுக்கு?

அரூர் வாத்தியார்: சரி, மைனஸை விட்டுடுறேன். பிளஸ் 12 மட்டும் கொடுக்கட்டும். 358 தான் 32 வரை தாங்குமே.

ஓசூர் பெஞ்ச்: 358 தாங்கும், ஆர்டுயினோ தாங்காது. சென்சார் ஒயர் அறுந்து உள்ளீடு தாறுமாறா ஆச்சுன்னா 10 வோல்ட்டுக்கு மேல ஆர்டுயினோவோட உள்ளீட்டுக் காலுக்குப் போகும். பெருக்கத்தை அஞ்சாக் குறைங்க. 40 டிகிரிக்கு 2 வோல்ட், 5 வோல்ட் சப்ளையே போதும்.

அரூர் வாத்தியார்: பெருக்கத்தைக் குறைச்சா துல்லியமும் குறையுமே. அந்தக் காலுக்கு முன்னால ஒரு ரெசிஸ்டரும், வோல்ட்டை மட்டுப்படுத்துற 5.1 வோல்ட் ஜீனர் டையோடும் போட்டா 12-லயே பயமில்லாம ஓட்டலாம்.

ஓசூர் பெஞ்ச்: ஆர்டுயினோ 5 வோல்ட்டை 10 பிட்ல, அதாவது 1024 படியா அளக்குது, ஒரு படி 4.9 மில்லிவோல்ட். அஞ்சு மடங்குல டிகிரிக்கு 50 மில்லிவோல்ட். டிகிரியில பத்துல ஒரு பங்கு தெரியும். எல்எம்35-ஓட பிழையே அதைவிட அதிகம் சார்.

பென்னாகரம் பட்டு: பத்து மடங்கே வேணும்னா 358-க்குப் பதிலா எம்சிபி6002 ஆப்-ஆம்ப் போடலாமா?

ஓசூர் பெஞ்ச்: போடலாம், அது 5 வோல்ட்டை ஒட்டியே ஏறும். ஆனா 6 வோல்ட்டுக்கு மேல கொடுக்கக்கூடாது. 12-ஐத் தொட்டா செத்துடும்.

பென்னாகரம் பட்டு: பெருக்கத்தைத் தீர்மானிக்கிற ரெசிஸ்டர்ல 90கே-வை (90 கிலோஓம்) எடுத்துட்டு 39கே போட்டேன், கீழ 10கே அப்படியே இருக்கு. புரோகிராம்ல பெருக்கத்தை 4.9-ன்னு மாத்தினேன். மனையில இப்ப 38 காட்டுது. ஈரச்சாக்கு கட்டப் போறேன்.

அரூர் வாத்தியார்: போங்க, புழுவை முதல்ல பாருங்க. 12 வோல்ட்டும் ஜீனரும் தான் நல்லதுன்னு இன்னமும் சொல்வேன். எதுவானாலும் 358-ஓட சப்ளை வர்ற எட்டாவது காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணு போட்டுடுங்க.