பொருள்: கடலில் 'பூச்சி' ஏது? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கடல் உயிரியல் பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தொல்லை தரும் உயிரை அதன் எதிரியான இன்னோர் உயிரை விட்டு அடக்குவதை, வயலுக்கு 'உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாடு' என்று எழுதிப் பழகிவிட்டோம். கடலில் தொல்லை தருபவை நண்டு, நட்சத்திர மீன், சொறி போன்றவை. அவற்றைப் பூச்சி என்றால் மாணவர்கள் குழம்புவார்கள்.

பாடம் கருங்கடலைப் பற்றியது. 1980களின் தொடக்கத்தில், கப்பல்கள் நிலை தடுமாறாமலிருக்க ஏற்றும் தண்ணீரோடு நிமியாப்சிஸ் என்ற சீப்புச் சொறி (சொறிமீன் போலக் கூழான உடல் கொண்ட உயிர்) அங்கே வந்தது. மீன் முட்டை, குஞ்சு, மீனுக்கு இரையான மிதவையுயிர் எல்லாவற்றையும் தின்று தீர்த்தது. ஏற்கெனவே அளவுமீறிப் பிடிக்கப்பட்ட நெத்திலி, அந்தப் பத்தாண்டின் முடிவில் அடியோடு சரிந்தது. 1997இல் பெரோயி என்ற இன்னொரு சீப்புச் சொறி, யாரும் வேண்டுமென்றே கொண்டுவிடாமலே வந்தது. அதன் இரையே நிமியாப்சிஸ்தான். தொல்லை தணிந்தது.
- தூத்துக்குடியிலிருந்து

ஐயா, இங்கே பாடநூலில் 'பீடை' என்றே பாவிக்கிறோம். பீடைநாசினி, பீடைக் கட்டுப்பாடு எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்கள். 'கடற்பீடை' என்றால் முடிந்தது.
- யாழ்ப்பாணத்திலிருந்து

பீடை வடசொல். நம்மிடம் 'களை' இருக்கிறது. குறள் 550ஐப் பாருங்கள்: 'பைங்கூழ் களைகட் டதனொடு நேர்'. கட்டல் என்றால் களைந்தெடுத்தல். வேண்டாத உயிர் களை, அதை நீக்குவது களைகட்டல். ஆகவே 'கடற்களை', 'உயிர்க்களைகட்டு'. இன்னொன்று, சொறி என்ற பெயரே அரிப்பினால் வந்தது. சீப்பு வகைக்குக் கொட்டும் செல் இல்லை. அதைச் சொறி என்பது பிழை, 'சீப்புக்கூழி' என்னலாம்.
- தஞ்சையிலிருந்து

ஐயா, மன்னிக்கவும். இன்று 'களைகட்டியது' என்றால் திருவிழாதான் நினைவுக்கு வரும். 'கடற்களை' என்றால் கடற்பாசி என்று நினைப்பார்கள். பீடையோ எங்கள் வீட்டில் வசவு. எண்ணூர் மீனவர்கள் அயல்நாட்டிலிருந்து வந்து கழிமுகத்தை அடைத்துக்கொண்ட சிப்பியைக் 'காக்கா ஆழி' என்கிறார்கள். யாரும் குழு போட்டு ஆக்கிய சொல் இல்லை. 'தீங்குயிரி' என்று எளிதாக வைப்போமே.
- சென்னையிலிருந்து

அது ஆழியா, ஆளியா? ஆழி என்றால் கடல், சக்கரம், மோதிரம். சிப்பிக்கு ளகரமே பொருந்தும் என்பது என் துணிபு. வட்டமான ஓடு என்பதால் ஆழி என்பாரும் உண்டு. இதைத் தனி இழையில் பேசுவோம்.
- தஞ்சையிலிருந்து

சென்னைத் தம்பி சொன்ன தீங்குயிரி எனக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு உறுத்துவது 'கட்டுப்பாடு'தான். கலிபோர்னியாவில் புகுந்த ஐரோப்பியப் பச்சை நண்டை மலடாக்க, சாக்குலினா என்ற ஒட்டுண்ணிக் கொட்டலசை (கப்பலடியில் ஒட்டும் ஓட்டுயிரின் இனம்) விடலாமா என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள். அதன் குஞ்சுகள் அந்த ஊர் நண்டுகளிலும் ஏறி அவற்றைக் கொன்றன. வயலில் விட்ட குளவியையே திரும்பப் பிடிக்க முடியாது. கடலில் நீரோட்டம் கொண்டுபோனதை யார் பிடிப்பது? நம் கையில் இல்லாததைக் கட்டுப்பாடு என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மனம் வரவில்லை. 'உயிர்வழித் தணிப்பு' சரிவருமா?
- தூத்துக்குடியிலிருந்து

தணிப்பு நல்ல சொல். ஆனால் வேளாண் நூல்களில் 'உயிரியல் கட்டுப்பாடு' ஊன்றிவிட்டது. ஒரே முறைக்கு வயலில் ஒரு பெயர், கடலில் ஒரு பெயர் என்றால் தேர்வு எழுதும் பிள்ளை என்ன செய்யும்?
- யாழ்ப்பாணத்திலிருந்து

சரி. பெரும்பாலோர் சொன்னபடி 'கடல் தீங்குயிரி', 'உயிரியல் கட்டுப்பாடு' என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். தணிப்பை அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.
- தூத்துக்குடியிலிருந்து

அச்சானாலும் என் மறுப்பைப் பதிகிறேன். நிமியாப்சிஸ் தன் சொந்தக் கரையான அமெரிக்க அட்லாண்டிக்கில் தீங்குயிரி அன்று. தீங்கு அதன் குணமில்லை, போய்ச் சேர்ந்த இடத்தால் வந்தது. நெல் வயலில் முளைத்தால்தான் கோரை களை. அந்தப் பொருள் 'களை' என்ற சொல்லிலேயே இருக்கிறது, தீங்குயிரியில் இல்லை. அடுத்த பதிப்புக்காவது பாருங்கள்.
- தஞ்சையிலிருந்து