ரிங் ஃபிட்ல நான் ஓடுறேன், திரையில இருக்கிறவன் நிக்கிறான்: தெரிஞ்சவங்க உதவுங்க

மாடிவீட்டு மணி:

வணக்கம். வயசு 47, எடை 86 கிலோ, நாள் பூரா நாற்காலியில உட்கார்ற வேலை. ரெண்டு வருஷமா பிரஷர் மாத்திரை. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். எங்க தெருவுல விடியக்காலம் நாய்ங்க ராஜ்ஜியம், சாயங்காலம் வண்டிங்க ராஜ்ஜியம். ஜிம்முக்கு ஆறு மாசப் பணம் கட்டி மொத்தம் பதினொரு நாள் போனேன்.

பையன் ஹாஸ்டலுக்குப் போனதும் அவனோட நின்டெண்டோ சுவிட்ச்ங்கிற வீடியோ கேம் பொட்டி அலமாரியில சும்மா கிடந்தது. அதுக்கு ரிங் ஃபிட் அட்வென்ச்சர்ங்கிற உடற்பயிற்சி ஆட்டத்தோட செட்டை ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்டா வாங்கினேன். வளையத்துல ஒரு ஜாய்-கான் (சுவிட்சோட சின்னக் கன்ட்ரோலர்), தொடைப் பட்டியில இன்னொண்ணு. நான் ஓடினா திரையில இருக்கிறவன் ஓடுவான், வளையத்தை அமுக்கினா காத்தை ஊதி அடிப்பான். அப்படித்தான் சொன்னாங்க.

மூணு வாரம் ஆச்சு. நான் மூச்சு வாங்க ஓடுறேன், அவன் நாலு எட்டு வெச்சுட்டு நின்னுடுறான். ஸ்குவாட்ல இதுக்கு மேல கீழ போக முடியாதுங்கிற அளவுக்குப் போயிட்டேன், இன்னும் இறங்குங்குது. கை நடுங்க அமுக்கினாலும் அளவுக்கோடு பாதியிலயே நிக்குது. 45 நிமிஷம் ஆடினா கடைசியில 19 நிமிஷம்தான் பயிற்சின்னு கணக்குச் சொல்லுது. நாடி பார்க்க வளையத்து ஜாய்-கான்ல கட்டைவிரலை வெச்சா, வேர்த்து ஊத்துறப்பவும் 88. போதாக்குறைக்கு ரெண்டு நாளா மாடிப்படி இறங்குறப்ப வலது முட்டி வலிக்குது. நேத்து கீழ் வீட்டம்மா மேல வந்து, "உரல்ல ஏதாச்சும் இடிக்கிறீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

ஓட்டை செட்டை என் தலையில கட்டிட்டாங்களா, இல்ல நான்தான் ஓட்டையா?

இட்லிமாவு:

செட் மேல பழி போடுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி சார். பட்டி எந்தக் கால்ல? அதுக்கு அடியில என்ன உடுப்பு? யாரோட யூசர்ல ஆடுறீங்க? சுமை அளவு, அதாவது ஆட்டம் எவ்வளவு கஷ்டமா இருக்கணுங்கிற எண், எத்தனை வெச்சிருக்கீங்க? 2020 லாக்டவுன்ல இருந்து நான் இதை ஆடுறேன், பாதிப் பிரச்சினை இந்த நாலுலயே முடிஞ்சிடும்.

மாடிவீட்டு மணி:

இடது தொடைதான். உடுப்பு லுங்கி, மடிச்சுக் கட்டி அது மேல பட்டி. யூசர் பையனோடது. பொங்கல் லீவுக்கு வந்தப்ப அவன்தான் எல்லாம் செட் பண்ணிக் கொடுத்தான். சுமை 25. "மேக்ஸே 30தான்பா, 25 நார்மல்"னு சொன்னான்.

இட்லிமாவு:

லுங்கி!

மன்னிச்சுக்கோங்க, சிரிச்சு முடிச்சிட்டு வந்தேன். பட்டியில இருக்கிற ஜாய்-கானுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு: அது எந்தக் கோணத்துல சாய்ஞ்சிருக்கு, எவ்வளவு வேகமா அசையுது. தொடை அசையுறதை அதை வெச்சுத்தான் ஊகிக்குது. உங்க கேஸ்ல அது தொடையைப் பார்க்கல, லுங்கியைப் பார்க்குது. முதல் பத்து எட்டுல பட்டி சுத்திக்கிட்டுப் பக்கவாட்டுக்குப் போயிருக்கும், அப்புறம் முட்டிக்கு இறங்கியிருக்கும். அதனாலதான் நாலு எட்டுல அவன் நிக்கிறான். ஸ்குவாட்லயும் அதே கதைதான். தொடை படுக்கைவாட்டுக்கு வந்தாலும் பட்டி வராது.

ஒட்டினாப்புல இருக்கிற ஷார்ட்ஸ் போடுங்க. பட்டி நடுத்தொடைக்குக் கொஞ்சம் மேல, ஜாய்-கான் நேர் முன்பக்கம். ஒரு விரல் நுழையுற இறுக்கம் போதும். நின்ன இடத்துல இருபது தடவை காலைத் தூக்கிப் பாருங்க, பட்டி நகர்ந்தா இன்னும் இறுக்கணும்.

அடுத்தது வளையம். ஆட்டத்தைத் தொடங்குறப்ப உங்க பலத்துக்கு எவ்வளவு அமுக்க முடியும், இழுக்க முடியும்னு அளந்து வெச்சுக்கும். உங்க வீட்ல யார் அமுக்கினது?

மாடிவீட்டு மணி:

பையன். சும்மா காட்டுறேன்னு முழு பலத்துல அமுக்கினான்.

இட்லிமாவு:

அப்ப மூணு வாரமா நீங்க பையன் பலத்துக்கு எதிரா போராடிட்டு இருக்கீங்க. சுவிட்ச்ல உங்க பேர்ல புது யூசர் போடுங்க, ஒவ்வொரு யூசருக்கும் சேவ் தனித்தனி. வயசு, எடை உங்களோடதைக் கொடுங்க. சுமையை 10ல தொடங்குங்க. எண்ணை ஏத்த ஏத்த ஒரு செட்டுல செய்ய வேண்டிய தடவைதான் கூடும், 25க்கு அவசரமே இல்ல.

இதுக்கப்புறமும் ஆள் தள்ளாடினா சுவிட்ச் செட்டிங்ஸ்ல கன்ட்ரோலர் பகுதியில மோஷன் கேலிப்ரேஷன், அதாவது அசைவு அளக்கிறதைச் சரிபண்றது, இருக்கு. ஜாய்-கானைக் கழட்டி, சமமான மேஜை மேல வெச்சுப் பண்ணணும். பழைய ஜாய்-கானுக்கு நான் முதல்ல செய்யுறதே அதுதான்.

அந்த 19 நிமிஷம் சரியான கணக்கு சார். ஆட்டத்து வில்லன் டிராகன் வசனம் பேசுற நேரம், மெனுவுல சட்டை மாத்துற நேரம், தண்ணி குடிக்கிற நேரம் எல்லாத்தையும் கழிச்சிட்டு உடம்பு அசைஞ்ச நேரத்தை மட்டும் எடுத்துக்குது. எனக்கும் 40 நிமிஷம் ஆடினா 20, 22தான் வரும்.

கட்டுமரம்:

ஒரு வளையத்தைப் பிடிச்சுக்கிட்டு டிராகனோட சண்டை போடுறதுக்குப் பேசாம மொட்டைமாடியில அரை மணி நேரம் நடக்கலாமே? செலவே இல்ல.

இட்லிமாவு:

நடக்கிறவங்க நடக்கட்டும், யாரு வேண்டாம்னது. பதினொரு நாள்ல ஜிம்மை விட்டவர் மூணு வாரமா, அதுவும் லுங்கியில, இதை விடாம ஆடியிருக்காரு. அதைப் பாருங்க.

ஸ்கார்பரோவாசி:

அண்ணை, அந்தச் சத்தப் பிரச்சினை எனக்கும் இருந்தது. நாங்கள் அப்பார்ட்மென்ட்டில ஏழாவது மாடி. கீழ இருக்கிற ஆள் ரெண்டு தரம் வந்து கதவைத் தட்டிப்போட்டார். ஆட்டத்துக்குள்ள சைலன்ட் மோட் எண்டு ஒண்டு இருக்கு. அதைப் போட்டால் ஓடத் தேவையில்லை, முழங்காலை மெல்ல மடிச்சு நிமிர்ந்தால் அவன் ஓடுவான். பனிக்காலம் முழுக்க அப்படித்தான் விளையாடினனான், ஒருத்தரும் வரேல்ல. பாய் விரிக்கிறதெண்டால் தடிச்ச பஞ்சுப் பாய் வேண்டாம், பாதம் புதைஞ்சு தள்ளாடும். பிள்ளையளுக்கு விரிக்கிற பசிள் பாய் காணும்.

இன்னொண்டு. கையை மேல தூக்கிற பயிற்சிக்கு முதல் ஃபேனைப் பாருங்கோ. எங்களுக்கு இஞ்ச சீலிங் ஃபேன் இல்லை. யாழ்ப்பாணத்தில அக்கா வீட்டில நிண்டு விளையாடேக்க வளையம் ஃபேன் இலையில பட்டு, அக்கா எனக்குப் பேசின பேச்சு இன்னும் காதில நிக்குது.

தூங்காநகரத்தான்:

மதுரையில பிசியோதெரபிஸ்டா இருக்கேன். மணி சார், முட்டி விஷயத்துல நான் குறுக்கிடணும். சைலன்ட் மோட் நல்ல யோசனை, ஆனா உங்களுக்கு இப்ப வேண்டாம். அதுல ஓட்டம் முழுக்கச் சின்னச் சின்ன ஸ்குவாட்டா மாறுது. படி இறங்குறப்ப வலிக்கிற முட்டிக்கு, ஒரு கட்டம் முடியுறதுக்குள்ள நூத்துக்கணக்குல மடக்கி நிமிர்த்துற வேலை அது. வலி அடங்குற வரைக்கும் ஓட்டத்தைக் குதிக்காத நடையா மாத்திக்கோங்க. எப்பவும் ஒரு பாதம் தரையில இருக்கணும், குதிகாலைத் தொப்புன்னு போடக்கூடாது. தொடை ஏறி இறங்கினா பட்டிக்கு அதுவே ஓட்டம். கீழ் வீட்டம்மாவுக்கும் இதே மருந்துதான்.

இப்ப முக்கியமான விஷயம். பட்டி இருக்கிறது இடது தொடையில, வலிக்கிறது வலது முட்டி. வலது காலை அந்த ஆட்டம் ஒரு நாளும் பார்த்ததில்ல. முட்டி உள்பக்கம் மடங்குதா, குதிகால் தரையை விட்டு எழும்புதா, முதுகு வளையுதா, அதுக்கு எதுவுமே தெரியாது. வளையம் எவ்வளவு நசுங்குது, எப்படிச் சாயுது, இடது தொடை எந்தக் கோணத்துல இருக்கு, இதை வெச்சுத்தான் "அருமை!"ன்னு கத்துது. பட்டி சரியா நிக்காம இன்னும் இறங்குன்னு கேட்டதுல, எடையை எல்லாம் வலது காலுக்குத் தள்ளி நீங்க ஆழமா இறங்கிட்டு இருந்திருப்பீங்கன்னு நினைக்கிறேன்.

செவுத்தை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுங்க. அதுல உட்காரப் போற மாதிரி பின்பக்கத்தைப் பின்னால தள்ளி இறங்குங்க, பின்பக்கம் நாற்காலியைத் தொட்டதும் எழுந்திருங்க. முட்டி காலின் ரெண்டாவது விரல் பக்கம் போகணும். வீட்ல யாரையாவது எதிர்ல நின்னு பார்க்கச் சொல்லுங்க, இல்ல போனைச் சாய்ச்சு வெச்சு வீடியோ எடுங்க. ஆட்டத்துல நீல நிறம் கால் பயிற்சி. முட்டி வலிக்கிற நாள்ல அதை விட்டுட்டு சிவப்பையும் மஞ்சளையும் எடுங்க, கையும் வயிறும்தான் வேலை செய்யும். செட்டிங்ஸ்ல அசிஸ்ட் மோட்ல (வலிக்கிற இடத்துக்குச் சிரமத்தைக் குறைக்கிறது) முட்டியை ஆன் பண்ணிடுங்க. தொடைச் சதை ஒரு நாள், ரெண்டு நாள் வலிச்சா அது பழக்கமில்லாத வேலையோட வலி, போயிடும். மூட்டு வீங்கினா, பிடிச்சுக்கிட்டா, கால் ஊன முடியலன்னா ஆட்டத்தை நிறுத்திட்டு நேர்ல காட்டுங்க.

பிரஷருக்கு என்ன மாத்திரை?

மாடிவீட்டு மணி:

மெட்டோப்ரோலால்.

தூங்காநகரத்தான்:

88க்கு விடை கிடைச்சிடுச்சு. அது பீட்டா பிளாக்கர். இதயத் துடிப்பை ஏற விடாம பிடிச்சு வைக்கிறதுதான் அதோட வேலையே. வளையத்துல இருக்கிற ஜாய்-கானோட அகச்சிவப்பு கேமரா விரல் வழியா பார்க்கிற எண் சரியாவே இருக்கலாம், ஆனா நீங்க எவ்வளவு சிரமப்படுறீங்கன்னு அந்த எண் சொல்லாது. இன்னொண்ணு, கட்டம் முடிஞ்சு நின்னதுக்கப்புறம்தான் அளக்குது, அதுக்குள்ளயும் கொஞ்சம் இறங்கியிருக்கும். எண்ணை விட்டுடுங்க, பேச்சை வெச்சுப் பாருங்க. பேச முடியணும், பாட முடியக்கூடாது. அது மிதமான வேகம். ரெண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கினா குறைக்கணும். எண் ஏறலைன்னு மாத்திரையில கை வெச்சுடாதீங்க, அது உங்க டாக்டர் பாடு.

வளையத்தை அமுக்கிப் பிடிச்சு நிக்கிறப்ப மூச்சை அடக்காதீங்க. அந்த நேரத்துல பிரஷர் சட்டுன்னு எகிறும். அமுக்குறப்ப மூச்சை வெளிய விடுங்க, வாய்விட்டு எண்ணினா தன்னால மூச்சு வெளிய போகும். நெஞ்சு அழுத்தம், தலைசுத்தல் வந்தா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சது, உடனே ஆஸ்பத்திரி.

கட்டுமரம் சாருக்கு: உலக சுகாதார அமைப்பு 2020ல சொன்ன கணக்கு, பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, கூடவே ரெண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கிற பயிற்சி. மொட்டைமாடி நடை முதல் பாதிக்கு நல்லாப் போதும். ரெண்டாவது பாதிக்கு வளையம் உதவும். ஒரு நாளைக்கு 19 நிமிஷம்னா ஏழு நாளும் ஆடினாலும் 133தான், ஆக மொட்டைமாடியும் வேணும்.

கட்டுமரம்:

சரி, ஒத்துக்கிறேன். எங்க வீட்ல 2010ல வந்த கினெக்ட், எக்ஸ்பாக்ஸ் வீடியோ கேமோட கேமரா, இன்னும் பரண்ல இருக்கு. பட்டி, வளையம் எதுவும் கிடையாது, கேமராவே உடம்பு முழுக்கப் பார்க்கும். ஆனா டிவியில இருந்து ஆறடி தள்ளி நிக்கணும். ஆறடி தள்ளினா எங்க வீட்ல அடுப்படி. 2017ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. அந்தக் கடுப்புலதான் அப்படிக் கேட்டேன்.

சுண்டல்_பொட்டலம்:

குறுக்க ஒரு கேள்வி. சுவிட்ச் 2 வாங்கப் போறேன், இந்தச் செட் அதுல வேலை செய்யுமா?

இட்லிமாவு:

ஆட்டம் ஓடும். ஆனா புது ஜாய்-கான் 2 வளையத்துல உட்காராது, பழைய ஜாய்-கான் ஜோடி வேணும். பழைய சுவிட்சை விக்கிறதா இருந்தா அந்த ஜோடியை மட்டும் எடுத்து வெச்சுக்கோங்க.

மாடிவீட்டு மணி:

பதினெட்டு நாள் கழிச்சு வந்திருக்கேன். ஷார்ட்ஸ் வாங்கிட்டேன். முதல் நாளே அவன் நிக்காம ஓடினான், நான்தான் நின்னேன். புது யூசர், சுமை 10. வளையக்கோடு இப்ப கடைசி வரைக்கும் ஏறுது. பொண்டாட்டி எடுத்த வீடியோவைப் பார்த்தா தூங்காநகரத்தார் சொன்னது அச்சு அசல்: வலது முட்டி உள்ள சாயுது, உடம்பே அந்தப் பக்கம் சரியுது. நாற்காலி போட்டு ஒன்பது நாள் ஆச்சு, படி இறங்குறப்ப வலி இல்ல. இன்னும் நீல நிறத்தைத் தொடல. டாக்டர்கிட்டயும் சொன்னேன், மாத்திரை அப்படியே இருக்கட்டும், பேச்சுக் கணக்கே சரின்னுட்டார். வாரத்துல அஞ்சு நாள் ஆட்டம், ரெண்டு நாள் மொட்டைமாடி.

கீழ் வீட்டம்மா மறுபடி வந்தாங்க. "சத்தமே காணோமே, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாங்க.

கடைசியா ஒரு சந்தேகம். பட்டி வேர்வை நாத்தம் தாங்கல. துவைக்கலாமா?

இட்லிமாவு:

தாராளமா. கையால அலசி நிழல்ல காயப்போடுங்க, மெஷின்ல போடாதீங்க. வளையத்தோட கைப்பிடித் துணியும் கழண்டு வரும், அதையும் சேர்த்து அலசிடலாம். முக்கியமா, ஜாய்-கானை முதல்ல எடுத்துடணும்.

மாடிவீட்டு மணி:

இருங்க. காலையில பட்டியை ஊறப்போட்டது பொண்டாட்டி. பக்கெட்டைப் பார்த்துட்டு வரேன்.