மடகாஸ்கரைக் காட்டி வன்னிக்கு ஒரு நூதனசாலையா?

குளக்கட்டு:
வவுனியாவில் நம் பழம்பொருட்களுக்கென ஒரு சிறிய நூதனசாலை அமைக்க முயலும் குழு, கட்டட நிதிக்காக நான்கு சனிக்கிழமை மாலைகளில் ஓர் உரைத்தொடரை அறிவித்திருக்கிறது. பொருள், மடகாஸ்கர் நாட்டின் பண்பாடும் காட்டுயிர்களும். அங்கே பல ஆண்டுகள் பணியாற்றி ஊர் திரும்பிய நம்மவர் ஒருவர் தாம் எடுத்த படங்களுடன் பேசுகிறார். நுழைவுச்சீட்டு 500 ரூபாய், மாணவருக்கு இலவசம். முயற்சியைக் குறைசொல்வது என் நோக்கமன்று. ஆயினும், வன்னி மன்னன் பண்டாரவன்னியனை வென்றதாக ஆங்கிலேயர் 1803 ஒக்டோபர் 31 என்ற திகதியுடன் கல் நாட்டிய கற்சிலைமடு இருக்க, கட்டுக்கரைக் குளம் இருக்க, வற்றாப்பளை அம்மன் கோவிலில் கடல்நீரில் விளக்கெரியும் வழக்கம் இருக்க, இவற்றில் ஒன்றுக்கேனும் ஒரு மாலையை ஒதுக்காமல் இந்து சமுத்திரத்தின் மறுகரைக்குப் போவது ஏன் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என நினைக்கிறேன்.

மருதநிழல்:
குழுவுக்கு உதவி செய்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன், ஐயா. சென்ற ஆண்டு வன்னியின் பழைய குளங்களைப் பற்றி இலவசமாகவே ஒரு கூட்டம் வைத்தோம். வந்தவர்களில் பாதிப் பேர் குழுவினர். மீதிப் பேர் பேச்சாளரைத் திருத்த வந்தவர்கள். உண்டியலில் விழுந்த காசு தேநீர்ச் செலவுக்கே போதவில்லை. இதற்கிடையில் பொருட்களின் நிலையையும் கேளுங்கள். நெடுங்கேணிப் பக்கத்துக் குடும்பமொன்று தந்த மரைக்காலை ஒரு வீட்டின் பின்னறையில் வைத்திருந்தோம். அதைப் போன கிழமை தூக்கியபோது பித்தளை வளையம் மட்டும் கையோடு வந்தது, மரம் முழுவதும் கறையான் மண்ணாக நிலத்திலேயே இருந்தது. மூன்று தலைமுறை நெல் அளந்த மரம் அது. எங்களுக்கு வேண்டியது கூரையும் சிமெந்துத் தரையும் கண்ணாடி அலுமாரிகளும். அவற்றுக்கான பணம், மக்கள் இதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னால்தான் வரும்.

கனகராயன்:
மடகாஸ்கர் நமக்கு மறுகரை என்று குளக்கட்டு ஐயா எழுதியதோடு எனக்கு உடன்பாடில்லை. மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை (பாவோபாப்) பார்க்காதவர் இங்கே குறைவு. உலகில் அந்த மரத்தின் இனங்கள் எட்டு. அவற்றில் ஆறு மடகாஸ்கரில் மட்டுமே இயற்கையாக வளர்கின்றன. நம்முடையது ஆபிரிக்கப் பெருநிலத்து இனம், அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுவது. மடகாஸ்கரின் மேற்குக் கரை நகரான மொரொண்டாவாவுக்கு அருகே மண்பாதையின் இருபுறமும் நிற்கும் பெருக்கமரங்களின் படத்தைப் பள்ளிமுனைச் சிறுவன் ஒருவன் பார்த்தால், தன் ஊர் மரத்தை மறுநாள் வேறு கண்ணால் பார்ப்பான்.

அதைவிட முக்கியமானது தேவாங்கு. குரங்குகளுக்குத் தூரத்து உறவான லெமூர்களில், அந்த நாட்டில் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. அவற்றுக்கு அந்தத் தீவுக்கு வெளியே உள்ள மிக நெருங்கிய உறவினர்களுள் நம் தேவாங்கும் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், கனகராயன்குளத்துக்கு உட்புறமாக, இரவில் ரோச் வெளிச்சத்தில் ஒன்றைக் கண்டேன். முதலில் தெரிந்தவை பற்றைக்குள் இரண்டு செந்தணல்கள் மட்டுமே. பிறகு, ஈர்க்கு மாதிரி மெலிந்த கை ஒன்று அடுத்த கொப்பைப் பிடிப்பதற்கு நான் எட்டு வரை எண்ணவேண்டியிருந்தது. உடன் வந்தவர் அதன் அழுகை வீட்டுக்கு ஆகாது என்று சொல்லி என்னை இழுத்துக்கொண்டு போனார். மடகாஸ்கரில் ஐ-ஐ என்றொரு லெமூர் உண்டு. இராப்பொழுதில் மரத்தைத் தட்டி ஓசை கேட்டு, கம்பி போன்ற நடுவிரலால் உள்ளிருக்கும் புழுவைத் தோண்டி எடுக்கும். அதைக் கண்டால் சாவு வரும் என்று நம்பி அடித்துக் கொல்லும் ஊர்கள் அங்கே உள்ளன. அவர்களுடைய அச்சத்தைக் கேட்டு முடித்தபின் நம்முடைய அச்சத்தைப் பற்றிப் பேசுவது எளிது. நேரடியாகத் தொடங்கினால் சண்டைதான் வரும்.

குளக்கட்டு:
தம்பி கனகராயன் அழகாக எழுதிவிட்டார். ஆனால் தேவாங்கைப் பற்றிய அந்தப் பத்தி தேவாங்கைப் பற்றிய உரைக்கே போதுமானது, அதற்கு மடகாஸ்கர் எதற்கு? ஒப்பீடு என்ற பெயரில் ஒட்டாததை ஒட்டவைக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. அவர்கள் அரிசியை 'வாரி' என்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், மறுநாளே அதைத் தமிழாக்கிவிடுவார்கள். அவர்களுடைய மொழிக்கு மிக நெருங்கிய உறவு போர்னியோத் தீவின் தென்பகுதியில் இருக்கிறது. முன்னோர் அங்கிருந்து கடல் கடந்தவர்கள். அது தன்னளவிலேயே பெரிய கதை. அதைக் கேட்க ஆசைதான். யானையே இல்லாத அந்த நாட்டில் வேளாண்மை செய்வது எவ்வளவு சுகம் என்று யானைவெடியுடன் விடிய விடியக் காவலிருக்கும் நம் கமக்காரர் கேட்டுப் பெருமூச்சும் விடலாம். (அவர்களுக்கு 2013 இல் வெட்டுக்கிளி வந்து வயல்களை மேய்ந்தது, அது வேறு.) என் கேள்வி மாறவில்லை: நாட்கூலிக்குப் போகிறவர் 500 ரூபாய் கொடுத்து வரப்போவதில்லை. அந்த மரைக்காலைத் தந்தது அப்படிப்பட்ட குடும்பம்தான்.

முல்லைக்கரை:
நான் கட்டணத்தைப் பற்றியோ விலங்குகளைப் பற்றியோ எழுத வரவில்லை. மூன்றாம் மாலையின் பொருள் 'ஃபமதிஹானா' என்று அறிவித்தலில் கண்டேன். மேட்டுநிலத்து மெரினா, பெட்சிலியோ மக்கள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, குளிர்ந்த வறள்மாதங்களில் குடும்பக் கல்லறையைத் திறந்து, முன்னோரின் எச்சங்களை வெளியே எடுத்து, புதுப் பட்டுத்துணியில் சுற்றி, தோளில் சுமந்து, வாத்தியத்தோடு ஆடி, மீண்டும் உள்ளே வைக்கும் சடங்கு அது. அவர்களுக்கு அது துக்கமல்ல, உறவினரைச் சந்திக்கும் நாள் என்பதை அறிவேன். அதை இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் 2009 க்குப் பிறகு, எடுத்துச் சுற்றுவதற்கு ஓர் எலும்பும் இல்லாத வீடுகள் இந்தக் கரையில் உள்ளன. என் வீடும் அவற்றில் ஒன்று. திதி எந்த நாளில் கொடுப்பதென்று தெரியாமல் ஆடி அமாவாசையிலே கொடுக்கிறோம். அந்த மண்டபத்தில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு அதைப் படமாகப் பார்க்க எங்களில் யாருக்கு மனம் வரும்?

மருதநிழல்:
அக்கா, இதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும். அறிவித்தலை எழுதியவள் நான். விலங்குகளுக்கும் உணவுக்கும் இடையில் அதை ஒரு வரியாகப் போட்டுவிட்டேன். இன்று காலை பேச்சாளருடன் பேசினேன். ஒரு குடும்பம் அழைத்ததால் அவர் விருந்தினராகப் போயிருக்கிறார், கல்லறைக்குள் எடுத்த படம் எதையும் காட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. அந்த மாலைக்குக் கட்டணம் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். முற்றாக நீக்கவேண்டும் என்று நீங்கள் சொன்னால் அதையும் செய்வோம்.

முல்லைக்கரை:
நீக்கச் சொல்லவில்லை. கட்டணமில்லாமல், படமில்லாமல், அவர் கண்டதைச் சொல்லட்டும். நான் வருவேனா என்று இப்போது சொல்ல முடியாது.

பழைய ஆசிரியர்:
இரு தரப்பாரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. மடகாஸ்கரின் தலைநகரான அன்ரனனரிவோவில் மலையுச்சியில் இருந்த அரச மாளிகை வளாகம் நூதனசாலையாகவும் இருந்தது. 1995 நவம்பர் 6 ஆம் திகதி இரவு அது எரிந்தது. அரசியின் மாளிகையில் கற்சுவர்கள் மட்டும் நின்றன. உள்ளே இருந்த மரக் கட்டுமானமும் சேகரிப்பின் பெரும்பகுதியும் போயின. யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எரிந்ததைக் கண்ட தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே என் ஆட்சேபம் உரைத்தொடர் பற்றியதன்று, சேரும் பணம் முழுவதும் கட்டடத்துக்கு என்பதுதான். கூரை போடும் முன் ஒவ்வொரு பொருளையும் நாலு பக்கமும் படமெடுங்கள். தந்தவரின் குரலில் அதன் கதையைப் பதிவுசெய்து, பிரதியை வேறோர் ஊரில் வையுங்கள். மரைக்கால் மண்ணாகிவிட்டது, சரி. அதில் நெல் அளக்கும்போது 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று தொடங்கிய கிழவர் இன்னும் இருக்கிறாரா?

மருதநிழல்:
இருக்கிறார், ஐயா. காது மட்டும் மந்தம். முதல் மாலையின் வசூலில் ஒலிப்பதிவுக் கருவி வாங்கும்படி குழுவிடம் நாளை கேட்கிறேன்.

குளக்கட்டு:
கேளுங்கள். என் எதிர்ப்பு எதிர்ப்பாகவே இருக்கட்டும். அடுத்த தொடர் வன்னியைப் பற்றியதாக இருக்குமென்று எழுத்தில் தந்தால் இரண்டு சீட்டு வாங்குகிறேன். லெமூர் உரை எத்தனை மணிக்கு முடியும்? அதற்குப் பிறகு முள்ளியவளைக்குப் பேருந்து இருக்கிறதா?

மருதநிழல்:
ஏழு மணிக்கு முடியும். பேருந்து இருக்காது, ஐயா. கனகராயன் தம்பியின் வான் வண்டியில் ஓரிடம் சொல்லிவைக்கிறேன்.