வைட்டல்ல மாட் வீல் ஏத்துனா சுருதியும் சேந்து ஏறுது, என்ன பண்ணலாம்?

களியக்காவிளை கீபோர்ட்:
எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை சர்ச் கொயர், உற்சவ சீசன்ல பாறசாலை நெய்யாற்றின்கரை பக்கம் கானமேளா (மேடைப் பாட்டுக் கச்சேரி), இதுதான் நம்ம வாசிப்பு. லேப்டாப்ல வைட்டல்ங்கற சிந்தசைசர் சாஃப்ட்வேரோட ஃப்ரீ வெர்ஷன் போட்டு புல்லாங்குழல் மாதிரி ஒரு சவுண்ட் பண்ணிருக்கேன், எல்எஃப்ஓ 1ஐ (ஒரு அளவை ஏத்தி எறக்கிட்டே இருக்குறது) ஆசிலேட்டரோட (சத்தத்தை உண்டாக்குற பகுதி) டியூன் நாப் மேல இழுத்து விட்டு அந்த அளவை மாட் வீலுக்கு (கீபோர்டுல இடது கைப் பக்கம் உள்ள சக்கரம்) குடுத்தாச்சு, வைப்ரேட்டோ (சுருதி லேசா ஆடுறது) நல்லாத்தான் வருது, ஆனா வீலை முழுசா ஏத்துனா சுருதி தூக்கிட்டு நிக்கி. பாடுற சேட்டன் பாட்டு நடுவுலயே திரும்பி ஒரு பார்வை பாக்காரு. டெப்த் கொறச்சா வைப்ரேட்டோவே காணாம போயிருது. யாராச்சும் சொல்லுங்க.

புளியரைக்காரன்:
சாம்பிள் ரேட் ஆடியோ இன்டர்ஃபேஸ்ல 48 கிலோஹெர்ட்ஸ், சாஃப்ட்வேர்ல 44.1ன்னு கெடக்கா பாருங்க. எனக்கு ஒருக்கா சுருதி மாறுனது அதனாலதான்.

களியக்காவிளை கீபோர்ட்:
ரெண்டும் 48தான் அண்ணே. வீல் கீழ இருந்தா ஏ நோட்டு டியூனர் ஆப்ல 440லயே நிக்கி. எல்எஃப்ஓவ ரொம்ப மெதுவாக்கிட்டு வீலை ஏத்தி பாத்தேன், முள்ளு நடுவுல இருந்து வலது பக்கம் 40 சென்ட் (அரை ஸ்வரத்துல நூத்துல ஒரு பங்குதான் ஒரு சென்ட்) வரை போகுது, திரும்ப நடுவுக்கு வருது, இடது பக்கம் எட்டிக்கூட பாக்க மாட்டேங்குது.

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ:
அப்ப விஷயம் அதேதான் தம்பி. உங்க எல்எஃப்ஓ லைன் யூனிபோலாரா கெடக்கு, அதாவது நாப் இருக்குற எடத்துல இருந்து மேல மட்டும் போகும். ஃபில்டர் கட்டாஃபுக்கு (தொனியோட கூர்மையை எங்க வெட்டணும்ங்கற அளவு) அது சவுகரியம், பிட்சுக்கு வம்பு. 0ல இருந்து 40 சென்ட் வரை ஆடுனா காதுக்கு நடுவுல உள்ள 20தான் சுருதியா கேக்கும், 440 வாசிச்சா 445 மாதிரி. டியூன் நாப் பக்கத்துல ஒரு குட்டி வட்டம் வரும்ல, அதுல ரைட் கிளிக் பண்ணி பைபோலார் ஆக்குங்க, இல்லன்னா எது எதை ஆட்டுதுன்னு லிஸ்ட் காட்டுற மேட்ரிக்ஸ் பேஜ்ல அந்த லைன்லயும் மாத்தலாம். இப்ப மைனஸ் 20, பிளஸ் 20ன்னு ரெண்டு பக்கமும் சமமா ஆடும். வீல்ல இருந்து வர்ற லைனை மட்டும் தொடாதீங்க, அது யூனிபோலாராவே இருக்கணும், பைபோலார் ஆக்குனீங்கன்னா வீலை கீழ எறக்குனாலும் வைப்ரேட்டோ விட்டுப் போகாது. ஸ்பீட் டெம்போல இருந்தா செகண்ட்ஸுக்கு மாத்தி 0.18 பக்கம் வைங்க, செகண்டுக்கு அஞ்சரை ஆட்டம்.

மார்த்தாண்டம் அண்ணாச்சி:
அது சரிதான், ஆனா மக்கா, பிட்சை மட்டும் ஆட்டுனா புல்லாங்குழல் வராது கேட்டியா, பழைய பொம்மை கீபோர்டுதான் வரும். குழல்ல ஊதுற காத்து கூடி கொறயும்போது சத்தமும் தொனியும்தான் அதிகமா மாறும். அதே எல்எஃப்ஓவை ஆசிலேட்டர் லெவலுக்கும் கட்டாஃபுக்கும் கொஞ்சம் கொஞ்சம் குடு, வீல் லைனையும் அங்க இழு, பிட்ச் டெப்தை பாதி ஆக்கு. வெலாசிட்டியையும் கட்டாஃபுக்கு விட்டா அழுத்தி அடிக்கும்போது கொஞ்சம் தெளிஞ்சு வரும். அப்புறம் கமகத்தையும் எல்எஃப்ஓவை வச்சு ஒப்பேத்தலாம்னு நெனைக்காதே. எல்எஃப்ஓ ஒரே கணக்குல ஆடிட்டு கெடக்கும், எந்த ஸ்வரத்துல இருந்து எங்க போகணும்னு அதுக்கு என்ன தெரியும், அது பெண்ட் வீலை பிடிச்ச கைக்குத்தான் தெரியும்.

களியக்காவிளை கீபோர்ட்:
பைபோலார் ஆக்குன உடனே சரியாயிட்டு!! மெதுவா விட்டு பாத்தேன், முள்ளு ரெண்டு பக்கமும் ஒரே அளவு போகுது. அண்ணாச்சி சொன்ன லெவல் கட்டாஃபும் போட்டேன், ஆளே மாறிட்டு. ஆனா இன்னொன்னு, கானமேளால இடது கை வேற கீபோர்டுல கார்டு பிடிச்சிட்டு இருக்கும், வீல் பக்கமே போக முடியாது, நீள நோட்டுக்கு மட்டும் தானா வைப்ரேட்டோ வரதுக்கு வழி உண்டா?

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ:
உண்டு. வீல் லைன் மூணையும் எடுத்துருங்க, அதுக்கு பதிலா என்வலப் 2ஐ (நோட்டு அடிச்சதும் தானா ஏறுற அளவு) அதே வட்டங்கள்ல விடுங்க. டிலே 0.3 செகண்ட், அட்டாக் (ஏறுற நேரம்) அரை செகண்ட், சஸ்டெயின் (ஏறி நிக்கற அளவு) முழுசு. வேகமா வாசிக்கற நோட்டுல என்வலப் ஏறறதுக்கு முன்னாடியே கை எடுத்துருவீங்க, நேரா போயிரும், நீள நோட்டுல மெல்ல ஆட ஆரம்பிக்கும். வீலையும் விட்டு வச்சீங்கன்னா ரெண்டு அளவும் கூடிரும், அப்ப டெப்த் கைய மீறும். லெகாட்டோ ஆன்ல இருக்கா பாருங்க, ஆன்ல இருந்தா ஒட்டி வாசிக்கும்போது என்வலப் புதுசா ஆரம்பிக்காது, ரெண்டாவது நோட்டு முதல்லயே ஆடிட்டேதான் வரும்.

களியக்காவிளை கீபோர்ட்:
லெகாட்டோ ஆன்லதான் கெடந்தது, ஆஃப் பண்ணிட்டேன். சனிக்கிழமை ரிகர்சல்ல வச்சு பாத்துட்டு சொல்றேன்.